மூன்றாவது அறை

இமயச் சரிவில் பல ஆண்டுகள் தேடி மங்கை கண்டெடுத்த பெகோனியாச் செடியில் ஒரே ஒரு காய்தான் இருந்தது. பார்வைக்கு, ஏற்கெனவே பேர் வைத்த பழைய இனம் போலவே இருக்கும். பழைய இனத்தின் காய்க்குள் விதை அறைகள் இரண்டு. இதில் மூன்று இருந்தால் இது புதிய இனம். அறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

"பழசுதான்க்கா. தண்டைக் குடுங்க, இந்த ஊர்க்காரங்க மாதிரி துவையல் அரைச்சிருவோம். நல்லாப் புளிக்கும்," என்றான் உடன் ஆராயும் ஜெபராஜ்.

மங்கை காயின் குறுக்கே பிளேடை இழுத்தாள்.

"எண்ணு."

"ஒண்ணு. ரெண்டு." அவன் லென்ஸைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தான். "மூணு."

மங்கை தண்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"துவையலுக்கு வேற செடி பாருப்பா. இதுக்கு இன்னும் பேரே வைக்கல."