கங்காணி துஷாந்தினி

"நம்ம பள்ளிக்கூடத்துல பெரட்டு வைக்கிறாங்களாம்!"

தொழிற்சங்கத் தலைவர் கணபதி சொன்னதைக் கேட்டு, தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் வாசலில் நின்றவர்களுக்குப் பக்கென்றது.

பின்னே என்ன? விடிந்ததும் தொழிலாளிகளை வரிசையில் நிறுத்தி, கங்காணி பேர் கூப்பிட்டு, "நீ இந்த மலை, நீ அந்த மலை" என்று பிரித்து விரட்டுவதுதான் பெரட்டு. நம் பிள்ளைகளாவது அந்த வரிசையில் நிற்கக்கூடாது என்றுதான் நமுனுகுல மலைப் பக்கத்துத் தாய்மார் குளிரிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்துப் பள்ளிக்கூடம் அனுப்புகிறார்கள்.

"யாழ்ப்பாணத்து டீச்சராச்சே! தோட்டத்துப் பிள்ளைங்கன்னா அவ்வளவு எளக்காரம்!" கணபதி சாரத்தை மடித்துக் கட்டினார். "இன்னைக்கு வேல போனாலும் பரவாயில்ல. வாங்க, ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்!"

நாலைந்து பேர் கிளம்பினார்கள். பள்ளிக்கூடத்து ஏற்றத்தில் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. கோபம் மட்டும் குறையவில்லை.

போய்ப் பார்த்தால், விஷயம் உண்மைதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முற்றத்தில் வரிசையாக நிற்கிறார்கள். முன்னால் கங்காணி. எட்டு வயது துஷாந்தினி. யார் முகத்தையும் பார்க்காமல், கொடிக்கம்பத்தைப் பார்த்தபடி தொண்டை கிழியக் கத்துகிறாள்.

"ஜீவன்! கணக்கு மலை!"

"சரிங்க கங்காணி!" ஜீவன் வகுப்புக்குள் ஓடினான்.

"தினேஸ்! தமிழ் மலை! எழுத்து சுத்தமா இருக்கணும். இல்லாட்டிக் கிலோ வெட்டுவேன்!"

"சரிங்க கங்காணி!"

"சுலோஜனா டீச்சர்! லேட்டு! அரைப்பேர்!"

கிலோ வெட்டினால் பறித்த கொழுந்தின் எடையில் குறையும்; அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம்தான். வரிசையின் கடைசியில் குடையோடு நின்ற அந்த யாழ்ப்பாணத்து டீச்சர், "பஸ் பிந்திப்போச்சு கங்காணி" என்று கெஞ்சிப் பார்த்தார். கங்காணி அசையவில்லை.

கணபதியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"நிறுத்துங்க டீச்சர்! எங்க பிள்ளைங்கள இப்பவே கூலிக்குப் பழக்குறீங்களா?"

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா. துஷாந்தினிக்கு ஆட்டிசம் இருக்கெண்டு உங்களுக்குத் தெரியும்தானே? வருசம் தொடங்கினதில இருந்து இவ வகுப்புக்குள்ள காலே வைக்கேல்ல. விடிஞ்சா பெரட்டுக் களத்தடியிலதான் நிப்பா. அங்க கூப்பிடுற பேரெல்லாம் இவவுக்குப் பாடம். வேற ஒண்டிலயும் மனம் போகாது."

"அதுக்கு?"

"அதுக்குத்தான் பெரட்டை இஞ்ச கொண்டு வந்தன். இப்ப முதல் ஆளா வாறா. பேர் எழுதோணும் எண்டு எழுத்துப் பழகினா. கொழுந்து நிறுக்கோணும் எண்டு கூட்டல் பழகினா. ஒருத்தரோடயும் கதைக்காத பிள்ளை, இப்ப எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுறா. மற்றப் பிள்ளையளும் கங்காணிக்குப் பயந்து நேரத்துக்கு வருதுகள்!"

கூட வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கணபதி விடுவதாக இல்லை.

"ஒரு பிள்ளைக்காக எல்லாப் பிள்ளையும் வரிசையில நிக்கணுமா? பதுளையில அந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னு எடம் இருக்காமே, அங்க அனுப்புங்க. இல்லாட்டி மேலெடத்துக்கு எழுதுவேன்!"

டீச்சருக்கு முகம் வாடிவிட்டது. கணபதி எழுதினால் விசாரணை வரும், பெரட்டு நிற்கும். பெரட்டு நின்றால் துஷாந்தினி மறுபடியும் வகுப்புக்கு வெளியே. அதை நினைக்கவே அவருக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"கணபதி!"

"சரிங்க!"

பதில் சொன்ன பிறகுதான் தலைவருக்கே உறைத்தது. வாழ்நாள் பழக்கம், என்ன செய்வது? மடித்துக் கட்டிய சாரம் கீழே இறங்கிவிட்டது. கால் தானாகப் போய் வரிசையில் நின்றுவிட்டது.

துஷாந்தினி கொடிக்கம்பத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கூட வந்தவர்களையும் பேர் மாறாமல் கூப்பிட்டாள். அவர்களும் ஒவ்வொருவராகத் தலைவருக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

"எல்லாரும் லேட்டு! பின்பக்கம் புல்லு வெட்டு!"

பள்ளிக்கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. அடக்கிப் பார்த்து முடியாமல் டீச்சரும் சிரித்துவிட்டார். போராட வந்த ஆட்களில் ஒருவர் நிஜமாகவே புல்லு வெட்டும் கத்தி எங்கே என்று தேட ஆரம்பித்திருந்தார்.

கணபதி காது சிவக்க வரிசையை விட்டு வெளியே வந்தார். செருமிக்கொண்டு டீச்சரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பெரட்டு இருந்துட்டுப் போகட்டும் டீச்சர். அந்தப் பிள்ளையும் இங்கயே படிக்கட்டும். சங்கம் ஒண்ணும் சொல்லாது."

"பெரிய உதவி ஐயா!"

"ஆனா ஒரே ஒரு கோரிக்கை." தலைவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இதே வகுப்புல இருக்குற எங்க பய கிஷாந்தனுக்கு முந்தாநேத்து அரைப்பேர் போட்டிருச்சு. வீட்டுல ஒரே அழுக. அத நீங்கதான் சொல்லி முழுப்பேரா மாத்திக் குடுக்கணும். நேத்தே நான் அவங்க லயத்துக்குப் போய்க் கெஞ்சிப் பாத்துட்டேன், கங்காணி முடியவே முடியாதுன்னுட்டாங்க!"