கத்தத் தெரியாதவள்

“‘வலிக்குதாம்மா?’ன்னு டாக்டர் கேட்டா இன்னா சொல்லுவே?”

“வலிக்குதுங்கன்னு சொல்லுவேன்.”

“கிழிஞ்சுது! பந்தியில உப்பு கேக்கிற மாதிரி சொன்னா எவன் நம்புவான்? கத்தணும்டி. ‘ஐயோ, உயிர் போவுதே’ன்னு நீ போடுற சத்தத்துல இந்த ஆஸ்பத்திரி ஓடு பறக்கணும்.”

ஆக்னஸின் குரலுக்கு வராந்தாவில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செண்பகம் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஆம்பூர் தோல் கிடங்கில் ஒன்பது வருஷமாகச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோல்களைத் தூக்கி முடி சுரண்டிய கைகள் அவை. விரல்களில் ஆறாத புண். மடங்கிப்போன இரண்டு விரல்கள் நிமிரவே இல்லை. கத்தி பிடிக்க முடியாததால் போன மாதம் வேலை நின்றுவிட்டது. “புதுச் சட்டம் வந்திருக்கும்மா. வேலையாலதான் கை போச்சுன்னு வேலூர் டாக்டர் எழுதிக் குடுத்தா, முதலாளி நஷ்டஈடு தந்தாகணும்” என்று மேஸ்திரி ரஷீத் அஹமதுதான் வழி சொன்னார்.

புருஷன் செத்த பிறகு செண்பகம் ஒண்டியிருப்பது ஆக்னஸ் வீட்டுப் பின்பக்க அறையில். “வேலையில்லாதவளுக்கு எத்தினி நாளு சோறு போடுவே?” என்று ஆக்னஸின் புருஷன் மோசஸ் கேட்க ஆரம்பித்திருந்தான். அந்தக் காகிதம் கிடைத்தால் அவன் வாயடைக்கும், அங்கேயே இருந்துவிடலாம். ஊரில் அவளோடு பேச ஆக்னஸை விட்டால் வேறு ஆள் இல்லை.

“கையைக் குடு. இப்போ நான்தான் டாக்டரு” என்று அவள் புறங்கையை நறுக்கென்று கிள்ளினாள் ஆக்னஸ்.

செண்பகம் தெருவில் போன ஜட்கா வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடியே!”

“ஐ... ஐயோ!”

“உன் ‘ஐயோ’ ஜோலார்பேட்டை பாசஞ்சர் மாதிரி வருதுடி. ஜனமெல்லாம் காத்திருந்து வீட்டுக்குப் போனப்புறம் வந்து நிக்குது!”

செண்பகத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

“பொய் சொல்லப் பயமா இருக்குக்கா.”

“இன்னா பொய்யி? இந்தக் கை வலிக்கலன்னா வேற எந்தக் கை வலிக்கும்?”

செண்பகம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்; விழுங்கிக்கொண்டாள்.

“இன்னொரு வாட்டி கிள்ளுக்கா.”

இந்த முறை ஆக்னஸின் விரலையே கண்கொட்டாமல் பார்த்தாள். நகம் பட்ட கணத்தில், “ஐயோ, அம்மா!” என்று அலறினாள். பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த கிழவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“அப்படிப் போடு! வா, ஒரு வாய் குடிச்சுக்கலாம்.”

தூக்குச்சட்டியிலிருந்த கேழ்வரகுக் கூழை இருவரும் மாறி மாறிக் குடித்தார்கள். மீதிப் பாதி ரயிலுக்கு என்று ஆக்னஸ் மூடிவைத்தாள்.

உள்ளே டாக்டர் கிருபானந்தம் செண்பகத்தின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அங்கங்கே அழுத்தினார். அவர் விரல் படும்போதெல்லாம் செண்பகம் தப்பாமல் அலறினாள். வாசற்படியில் நின்ற ஆக்னஸ் பெருமையாகத் தலையாட்டினாள்.

டாக்டர் பேனாவை எடுத்தார். எழுதாமல் கீழே வைத்தார். செண்பகத்தின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காதுமடலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நர்ஸிடம் அவள் கண்களைத் துணியால் கட்டச் சொன்னார்.

“பயப்படாதேம்மா. ஊசியால குத்தினதும் சொல்லு.”

“சரிங்க.”

இருட்டுக்குள் செண்பகம் காத்திருந்தாள். வெளியே காக்கை கத்தியது. யாரோ இருமினார்கள். அவசரப்பட்டுக் கத்திக் காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

கடைசியில் அவளே தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“எப்போ குத்துவீங்க, ஐயா?”

துணி அவிழ்ந்தது. அவள் புறங்கையில் ஐந்து இடங்களில் ரத்தம் முத்துமுத்தாக நின்றது.

“சுண்ணாம்பு அரிச்ச கையா இருந்தா வலிச்சிருக்கும்மா” என்றார் டாக்டர், மெதுவாக. “இது பெருவியாதி, குஷ்டம். சட்டத்துல இதுக்கு நஷ்டஈடு இல்ல. ஊசி மருந்து இருக்கு, இங்கயே வந்து போட்டுக்கலாம். உன்கூட ஒரே வீட்ல யாரு இருக்காங்க?”

செண்பகம் வாசற்படியைத் திரும்பிப் பார்த்தாள்.

காலையிலிருந்து வாய் மூடாத ஆக்னஸ், கிள்ளிய விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டே, பெஞ்சிலிருந்த தூக்குச்சட்டியைக்கூட எடுக்காமல், ஒரு வார்த்தை பேசாமல் போய்க்கொண்டிருந்தாள்.