சென்சார் மாட்டிய டேங்க்

"ஏனுங்க, ஊட்டு டேங்க்ல மூணு நாளாத் தண்ணியில்லீங்க," என்றாள் கோகிலா.

"பாக்கலாம்," என்றான் நல்லசிவம், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல். கோழிப்பண்ணை டேங்கில், ஒலி அனுப்பித் தண்ணீர் மட்டத்தை அளக்கும் சென்சார் மாட்டியிருந்தான். மட்டம் இறங்கினால் போன் அலறும்.

மறுநாள் சங்ககிரியில், சிநேகிதன் வீட்டுக் கல்யாணத்தில், போன் அலறியது. தண்ணி லாரிக்காரரை அழைத்தான்.

"கோழியெல்லாம் செத்துப்போயிருமுங்க. சென்சார் மாட்டுன டேங்க்ல உடனே ஊத்துங்க."

பந்தியில்கூட உட்காராமல் ஓடிவந்தான். பண்ணை டேங்க், காலையில் அவன் நிரப்பியபடியே இருந்தது. சென்சாரைத்தான் காணோம்.

வீட்டில் கோகிலா தலைக்குக் குளித்து ஈரத்துண்டோடு நின்றாள்.

"நாந்தானுங்க கழட்டி நம்மூட்டு டேங்க்ல மாட்டுனேன். லாரிக்காரர் நெறச்சுட்டுப் போயிட்டாருங்க."

நல்லசிவம் மாடியேறி டேங்கை எட்டிப் பார்த்தான். பிறகு, "பசிக்குது. சோறு இருக்குதா?" என்றான்.

"வயித்துல ஒரு சென்சார் மாட்டிக்குங்க. போன் அலறுனாப் பாக்கலாமுங்க."