சாய்மானம் வைத்த நாற்காலி

முதலாளி அறை வாசலை அடைத்துக்கொண்டு இடுப்பக்கா தரையில் மல்லாந்து கிடந்தாள். முழங்கால் இரண்டும் மடங்கியிருந்தன. வலது கைக்குள் ஒரு காகிதம் கசங்கியிருந்தது.

வாலு அப்படியே நின்றுவிட்டாள். ஆகா, அக்கா ஆரம்பித்துவிட்டாள்! தன் சாப்பாட்டுப் பைக்குள் இருந்த மன்னிப்புக் கடிதம் நினைவுக்கு வந்ததும் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மருத்துவக் கல்லூரிகளுக்குப் பிளாஸ்டிக் முதுகெலும்பு செய்கிற பட்டறை அது. மொத்தம் பதினாலு பெண்கள். வால் எலும்பை ஒட்டுகிறவள் வாலு, இடுப்பு எலும்புகளுக்கு நடுவே ரப்பர் டிஸ்க் செருகுகிறவள் இடுப்பக்கா. அப்பா அம்மா வைத்த பெயரெல்லாம் வருகைப் பதிவேட்டோடு சரி.

நேற்று இடுப்பக்காதான் வாயைத் திறந்து, ஸ்டூலுக்குப் பதில் சாய்மானம் வைத்த நாற்காலி கேட்டாள். "சாய்ஞ்சா தூக்கம் வரும்" என்றார் முதலாளி. அதோடு விட்டாரா? பின்னால் நின்று தலையாட்டிய பாவத்துக்காகப் பதிமூன்று பேரையும் சேர்த்துக்கொண்டார். காலை ஒன்பதுக்குள் ஆளுக்கொரு மன்னிப்புக் கடிதம் வர வேண்டும், வராதவளுக்கு வேலை இல்லை.

கதவு திறந்தது. முதலாளி கீழே பார்த்தார்.

"என்ன கூத்து இது? எழுந்திரு!"

"நாற்காலி வரட்டும் சார், பார்க்கலாம்." தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னாள் அக்கா.

"காலை மடக்கிக்கிட்டு ஒய்யாரமா படுத்திருக்கிறதைப் பாரு! கையில என்ன, கோரிக்கை மனுவா? கொடு இங்கே."

அக்காவின் விரல்கள் காகிதத்தை இன்னும் இறுக்கிக்கொண்டன. "நாற்காலியைப் பத்திப் பேசுங்க சார்."

"பத்து மணிக்கு காலேஜ்லேருந்து ஆர்டர் கொடுக்க வர்றாங்க. அவங்க முன்னாடி என் மானத்தை வாங்கப் போறியா?"

"தாராளமா வரட்டும். அவங்களுக்கே பாடம் எடுக்கிறேன்." அக்காவின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. குரல் மட்டும் கணீரென்று வந்தது. "ரெண்டு எலும்புக்கு நடுவுல ஒரு மெத்தை. வெளியில கெட்டியான வளையம், உள்ளே கொழகொழன்னு கூழு. நாள் முழுக்க ஸ்டூல்ல கூனிக்கிட்டே உட்கார்ந்தா வளையம் விரிசல் விடும், கூழு பிதுங்கும். பிதுங்கி நரம்பை அழுத்துச்சுன்னா இடுப்புலேருந்து கால் கட்டைவிரல் வரைக்கும் கரண்ட் அடிக்கும். ஊரே டிஸ்க் நழுவிடுச்சுன்னு சொல்லுது. அது எங்கேயும் நழுவறதில்ல சார், பிதுங்குது!"

"எனக்கே பாடமா?"

"உங்களுக்குத்தான் சார் முதல்ல. ஒரு நாளைக்கு நாற்பது பிளாஸ்டிக் முதுகுக்கு டிஸ்க் வைக்கிறோம். ஒண்ணு கோணலா இருந்தாலும் குதிக்கிறீங்க. எங்க முதுகுல ஆளுக்கு இருபத்து மூணு இருக்கே, அது கோணினா யார் கேட்கிறது?"

"உனக்கு என்ன வந்துச்சு இப்போ? குத்துக்கல்லாட்டம்தானே இருக்கே!"

"ஆமா சார். அசையவே மாட்டேன்."

வாலுவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை வருஷம் இந்த ஆளைப் பார்த்துப் பயந்தது போதும் என்று தோன்றியது. பையிலிருந்து கடிதத்தை எடுத்து, முதலாளியின் கண்ணெதிரே நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு, அக்காவுக்குப் பக்கத்தில் தொப்பென்று படுத்தாள்.

"நீயுமா?" என்றார் முதலாளி.

"நானும்தான்! போலீஸைக் கூப்பிடுங்க, படுத்துக்கிட்டே வாக்குமூலம் கொடுக்கிறோம்."

அதற்குள் கழுத்து எலும்பு கோர்க்கிறவள் வந்தாள். பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மூன்றாவதாகப் படுத்தாள். ஒன்பதரைக்கு வராந்தா முழுக்கப் பெண்கள். முதலாளி வெளியே வர வேண்டுமென்றால் பதினாலு பேரைத் தாண்டித்தான் வர வேண்டும்.

அவர் கெஞ்சினார், அதட்டினார், மறுபடி கெஞ்சினார். ஒருத்தியும் அசைந்து கொடுக்கவில்லை. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"சரி, சரி! நாளைக்கே பதினாலு நாற்காலி. தொலைஞ்சு போங்க!"

"எழுத்துல" என்றாள் அக்கா, கூரையைப் பார்த்தபடியே.

முதலாளி எழுதினார், முத்திரை குத்தினார், காகிதத்தை வாலுவின் கையில் திணித்தார். பெண்களைத் தாண்டித் தாண்டி, விருந்தாளிகளை வரவேற்க ஓடினார்.

வராந்தாவே அதிர்ந்தது. எல்லோரும் துள்ளி எழுந்து ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். வாலுவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அக்காவின் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"ஜெயிச்சுட்டோம் அக்கா! உன் தைரியம் எங்க யாருக்கும் வராது. எழுந்திரு, உன்னைத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போறோம்!"

அக்கா கண்களை மட்டும் உருட்டி இரண்டு பக்கமும் பார்த்தாள். காதைக் கிட்டே கொண்டுவரச் சொல்லி மெல்ல முனகினாள்.

"மன்னிப்புக் கடிதத்தைக் கதவுக்கு அடியில தள்ளலாம்னு குனிஞ்சேன்டி... பிடிச்சுக்கிச்சு!"