ஒரே தண்டுக்கு இரண்டு அளவு

2023 ஜூலை 8, காலை எட்டு மணி. கடலூர் செம்மண்டலத்தில் ஒரு பழைய வேன் முன்சக்கரம் கழற்றப்பட்டு ஜாக்கி மேல் நிற்கிறது. பத்துக்குள் கீரப்பாளையம் போகாவிட்டால் சந்தை கலைந்துவிடும். உள்ளே அஞ்சலாட்சியின் மீன் கூடைகளிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டுகிறது. புது பேரிங் போட்டும் சக்கரம் ஆடியதால் மறுபடி கழற்றியிருக்கிறார்கள். மெக்கானிக் சடையப்பன், பேரிங் உட்காரும் ஸ்பிண்டில் தண்டில் கிரீஸைத் துடைத்து, விட்டம் அளக்கும் வெர்னியரை வைக்கிறார். "சரியாத்தான இருக்கு மச்சான்." வேன்காரர் கலியபெருமாள் அதை வாங்கித் தண்டில் வைத்துப் பார்க்கிறார். "கால் மில்லி தேஞ்சிருக்குய்யா. மொதல்ல கண்ணாடி போடு." மறுபடி அவர், மறுபடி இவர். ஆளுக்கொரு அளவுதான் வருகிறது. சந்தேகத்துக்கு ஒரு புது போல்ட்டை அளக்கிறார்கள். அதில் இருவருக்கும் ஒரே அளவு. வெர்னியரை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். "மாமா, நீங்க அத படுக்க வெச்சுப் பாக்குறீங்க, அவுரு நிக்க வெச்சுப் பாக்குறாரு," என்கிறாள் அஞ்சலாட்சி சடையப்பனிடம், ஈயை விரட்டியபடி. சடையப்பன் தண்டின் அடிப்பக்கத்தைத் தடவுகிறார். விரல் ஒரு பள்ளத்தில் இறங்குகிறது. மற்ற பக்கமெல்லாம் வழவழவென்று முழுசாக இருக்கிறது. பள்ளத்தில் வெல்டிங் வைத்துக் கடையத் தண்டு லேத் பட்டறைக்குப் போகிறது. மீன் செம்மண்டலத்திலேயே விற்றுப்போகிறது.