நாலு மாதத்தில் முப்பது வருடம்

"டேய், இந்த மனுஷனோட சட்டைப் பை ஏன் வலது பக்கம் இருக்கு?"

தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. எலெக்ட்ரிக் கிடாரின் கடைசி ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தான். இன்னும் அரை மணி நேரத்தில் அதை வாங்கிக்கொள்ள வருகிறார்கள். அதற்கு உறை தைத்துக் கொண்டுவந்த அக்கா, பட்டறைச் சுவரில் ஒட்டியிருந்த படத்தின் முன்னால் நின்றிருந்தாள்.

"சட்டையை யாருக்கா பாத்தா? நான் கிடாரைத்தான் பாத்தேன்."

"நாலு மாசமாவா?"

"ஆமா. செய்ய ஒரு மாசம், பழசாக்க மூணு மாசம்."

"நல்ல பொழப்பு. புதுசா ஒண்ணு செய்ய வேண்டியது, அப்புறம் அதையே சுரண்டிக் கெடுக்க வேண்டியது."

"சும்மா சுரண்ட முடியாதுக்கா. ஒவ்வொரு தேய்மானத்துக்கும் ஒரு காரணம் இருக்கு. இங்க பாரு, மீட்டுற கை வந்து படியுற இடம். சட்டைக் கை உரசி உரசி, இங்க மட்டும் பெயின்ட் போய் மரம் தெரியணும். பின்பக்கம் பெல்ட் பக்கிள் கீறின தடம். கழுத்துல உள்ளங்கை ஓடுற இடம் வழவழன்னு இருக்கணும். புதுப் பூச்சுல வேர்த்த கை ஒட்டிக்கும், ஓடாது."

"இந்த மயிரிழை வெடிப்பெல்லாம்?"

"ஹேர் டிரையர்ல சூடாக்கி, உடனே சில்லுனு காத்தைப் பீச்சினேன். பூச்சு சட்டுனு சுருங்கும், அடியில இருக்கிற மரம் சுருங்காது. அதான் வெடிக்குது."

அக்காவுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

நாலு மாதத்துக்கு முன் படத்தைக் கொண்டுவந்து கொடுத்த அம்மாள் சொன்னது இவ்வளவுதான். "இவர் என் வீட்டுக்காரர். முப்பது வருஷம் ஒரே கிடார்தான் வாசிச்சார். விபத்துக்கப்புறம் அது அவருக்கு உதவாம போச்சு. புதுசா மூணு வாங்கிக் குடுத்தேன். ஒண்ணு கூட கையில ஒட்டலைன்னு ஓரமா வச்சுட்டார். ரெண்டு வருஷமா ஜன்னலையே பாத்துட்டு உக்காந்திருக்கார். இந்தப் படத்துல இருக்கிற மாதிரியே, ஒரு கீறல் விடாம செஞ்சு குடுங்க. இதையும் தொடலைன்னா, அப்புறம் நான் கிடார்ங்கிற பேச்சையே எடுக்க மாட்டேன்."

விபத்தில் கிடார் நொறுங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்ட தம்பி, எப்படி என்று கேட்பது நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டான்.

"நீ இங்க வா" என்றாள் அக்கா. "பதினெட்டு வருஷமா தைக்கிறேன். ஆம்பளச் சட்டைக்குப் பை இடது பக்கம். இதுல பட்டன் பட்டியும் மாறியிருக்கு. ஒண்ணு, தச்சவன் போதையில தச்சிருக்கணும். இல்ல, படம் இடவலம் மாறிப் பிரிண்ட் ஆகியிருக்கணும்."

தம்பி எழுந்து வந்தான். பொதுவாக இடது கையால் தந்தியை அழுத்தி, வலது கையால் மீட்டுவார்கள். படத்தில் இருந்தவர் மாற்றிப் பிடித்திருந்தார். இடக்கைக்காரர் என்று நினைத்து, அப்படியே இடக்கைக் கிடாராகச் செய்திருந்தான். படத்துக் கிடாரின் தலையில் இருந்த கம்பெனிப் பெயராவது காட்டிக்கொடுத்திருக்கும். அது எப்போதோ தேய்ந்து போயிருந்தது.

அவன் படத்தையும் கிடாரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாடா?"

"படத்தைப் பாத்தாலே தெரியுதேன்னு இருந்துட்டேன். கைப்பிடி, வளைவு, தேய்மானம், எல்லாமே எதிர்ப்பக்கம் இருக்குக்கா. இதைத் திருப்பவே முடியாது."

வாசலில் கார் நின்றது.

அந்த அம்மாள் முன்னால் வந்தார். பின்னால் அவர் கணவர், இடது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, வேண்டா வெறுப்பாக வந்தார்.

"அம்மா, ஒரு நிமிஷம்." தம்பி வழியை மறித்தான். "பெரிய தப்பு பண்ணிட்டேன். நாலு மாசம் டைம் குடுங்க, வேற செஞ்சு தரேன். இதை அவர் பாக்கவே வேணாம். இதையும் ஒதுக்கிட்டா அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

ஆனால் அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார். மேசையருகே போய்க் குனிந்தார். மரம் தெரியும் இடத்தை வலது கையால் தடவினார். பக்கிள் கீறலை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கிடாரை மடியில் வைத்தார்.

வலது உள்ளங்கை கழுத்தைச் சுற்றிப் பிடித்தது. மேலே ஓடியது, கீழே ஓடியது. எங்கும் ஒட்டவில்லை.

"சார், அந்தக் கை இல்ல..." என்று தம்பி தடுமாறினான். "படத்தைத் திருப்பிப் பிரிண்ட் போட்டுட்டாங்க. நான் கவனிக்கல."

"பிரிண்ட் கடைக்காரர் முடியாதுன்னுதான் சொன்னார்." அந்த அம்மாள் கணவரிடமிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னார். "நான்தான், தம்பி, கெஞ்சித் திருப்பிப் போடச் சொன்னேன்."

அவர் கோட்டுப் பையிலிருந்து இடது கையை வெளியே எடுத்தார், அதில் மிஞ்சியிருந்த கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தந்தியைச் சுண்டிவிட்டு, "சத்தம் பத்தல, ஆம்ப்ளிஃபையர் இருக்கா?" என்று கேட்டார்.