பதில் குரல்

அவள் பப்பாளித் துண்டை மறுபடியும் கூண்டுக்குள் நீட்டினாள்.

குரங்கு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் மார்மோசெட் குரங்கு. பாங்காக்கிலிருந்து வந்தவனின் பெட்டியில், இரண்டு சாக்ஸுக்குள் இரண்டு குரங்குகள். விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகள் பிரித்தபோது ஒன்று விறைத்துப் போயிருந்தது. பாவி, மூச்சுவிட ஓர் ஓட்டையாவது போட்டிருக்கலாம்.

மிஞ்சியது இது. மாலை விமானத்தில் திருப்பி அனுப்ப வேண்டும். அதுவரை உயிரோடு வைத்திருப்பது கால்நடை மருத்துவரான அவள் பொறுப்பு. இத்தனை சின்ன உடம்பு பட்டினி தாங்காது.

குரங்கு கூப்பிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பறவை என்றுதான் சொல்வார்கள்.

கூப்பிட்டுவிட்டு நிறுத்தியது. பதில் வர வேண்டிய இடத்தை விட்டுவைத்தது.

அந்த இடைவெளி அவளுக்குத் தெரியும்.

கல்லூரியில் ஒருநாள் ஓர் ஒலிப்பதிவைக் கேட்க வைத்தார்கள். ஏதோ ஒரு தீவில், தன் இனத்தில் கடைசியாக மிஞ்சிய பாட்டுப்பறவை. இல்லாத ஜோடிக்காகப் பாடிப் பாடி நிறுத்தியது. பதிவு செய்தவர் அதையே திரும்ப ஒலிக்கவிட்டாராம். ஜோடிதான் என்று நம்பிப் பறந்து வந்ததாம் பறவை.

இப்போது அந்த இனமே இல்லை.

என்ன மனுஷன் இவன் என்று அன்றைக்கு அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

இப்போது அவள் கைப்பேசியிலும் ஒரு பதிவு இருந்தது. என்ன இனம் என்று கேட்டு உயிரியல் பூங்காவுக்கு அனுப்ப எடுத்தது. இதே குரங்கின் குரல்.

“அதைப் போட்டு விடுங்க மேடம்,” என்றார் சுங்க அதிகாரி சற்குணம். “அப்படியாச்சும் ஒரு வாய் சாப்பிடட்டுமே.”

போட்டாள்.

குரங்கு பாய்ந்து வந்தது. கம்பி வழியே கைநீட்டிக் கைப்பேசியைப் பற்றிக்கொண்டது. அதன் பின்னால் எட்டிப் பார்த்தது.

அங்கே யாரும் இல்லை.

மறுபடியும் எட்டிப் பார்த்தது.

அவளால் தாங்க முடியவில்லை. பதிவை நிறுத்திவிட்டாள்.

குரங்கு கூப்பிட்டது. நிறுத்தியது. காத்திருந்தது.

அவள் உதட்டைக் குவித்தாள். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினாள். கேவலமான ஒரு விசில்.

குரங்கு அவள் வாயையே பார்த்தது.

ஒரு கை மெல்ல நீண்டு பப்பாளியை வாங்கிக்கொண்டது.

சற்குணம் இன்னொரு துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

அவள் நிறுத்தவில்லை. அது கூப்பிடக் கூப்பிடப் பதில் கொடுத்தாள். உதடு வறண்டு எரிந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

சரக்குப் பிரிவு ஆள் தள்ளுவண்டியோடு வந்து நின்றார்.

“ஏத்திடலாமாம்மா? ஃப்ளைட்டுக்கு டைம் ஆச்சு.”

கூண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. நின்றது.

அவள் பதில் கொடுத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

“அண்ணே, உங்களுக்கு விசில் அடிக்க வருமா?”